தடுமாறும்போது உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும் கதாபாத்திரம் யார்?

வீராணத்தான்

எனக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். வீராணம் ஏரிக்கரையில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பொன்னியின் செல்வன் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வரும் வீரநாராயண ஏரி இதுதான் என்று எட்டாம் வகுப்பில் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கல்கி சொன்ன எழுபத்து நான்கு கணவாய்களை, அதாவது மதகுகளை, எண்ணக் கிளம்பி, பாதியில் கணக்கு விட்டுப்போய்த் திரும்பினேன்.

இப்போது வயது 41. சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பதினாறு வருஷம். போன ஆடி மாதம் வேலை போனது. ஆடித் தள்ளுபடியில் என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள் என்று வீட்டில் ஜோக் அடித்தேன், யாரும் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு நேர்காணல். எதிரே இருந்த பையனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். "இந்த வயசுல புது சாஃப்ட்வேர் எல்லாம் கத்துக்க முடியுமா சார்?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து "முடியாது" என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது தஞ்சைக் கோட்டை. வந்தியத்தேவன் சுந்தர சோழரிடம் ஓலை கொடுக்கப் போய் "அபாயம், அபாயம்" என்று உளறிவிடுவான். சின்னப் பழுவேட்டரையர் கேட்டுவிட்டு மிரட்டியதும் "அபயம் என்றல்லவா சொன்னேன்" என்பான். ஒரு கால் எழுத்தைப் பிடுங்கிப் போட்டுத் தலையைக் காப்பாற்றிக்கொண்டவன்! நானும் மூச்சு வாங்கிக்கொண்டு, "முடியாதுன்னு சொல்ற ஆட்கள் என் வயசுல நிறைய பேர் இருக்காங்க, நான் அந்த லிஸ்ட்ல இல்லை" என்று வாக்கியத்தை முடித்தேன். பையன் சிரித்துவிட்டான்.

வேலை கிடைக்குமா தெரியாது. ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது யோசித்தேன். அவனிடம் ராஜ்யம் இல்லை, படை இல்லை, போகும் இடமெல்லாம் மாட்டிக்கொள்கிறான். மாட்டிக்கொண்ட பிறகு கையில் இருப்பதை வைத்து அடுத்த அடி வைக்கிறான். அவனுடைய வீரம் எனக்கு வேண்டாம், இந்த ஒன்று போதும்.

உங்களுக்கு அப்படி யார்? பிடித்த கதாபாத்திரப் பட்டியல் வேண்டாம். நிஜமாகவே ஒரு நாள், ஒரு இடத்தில், உதவிக்கு வந்தவர் யார் என்று சொல்லுங்கள்.

வாய்தா வக்கீல்

வீராணத்தாரே, அந்தப் பையன் சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

நான் சட்டம் படித்ததே சுஜாதா கதைகளில் வரும் வக்கீல் கணேஷால்தான். சென்னைக்கு வந்த முதல் வாரமே தம்புச் செட்டித் தெருவில் நடந்து, இந்த மாடியில் இருக்குமா, அந்த மாடியில் இருக்குமா என்று போர்டு போர்டாகப் பார்த்தவன். கணேஷ் ஆபீஸ் அங்கேதானே! நான் பார்த்ததெல்லாம் ஜெராக்ஸ் கடையும் நோட்டரி போர்டும்தான்.

அப்புறம் கோர்ட்டுக்குப் போனால்? கதையில் கணேஷ் குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்குவார். நான் முதல் இரண்டு வருஷம் பேசிய ஒரே வசனம் "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், ஒரு வாய்தா வேண்டும் ஐயா" என்பதுதான். ஏமாற்றம் என்றால் அப்படி ஒரு ஏமாற்றம்.

ஆனால் ஒன்று ஒட்டிக்கொண்டது. கணேஷ் யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார், காகிதத்தைத் தானே பார்ப்பார். ஒரு செக் திரும்பிய கேஸ், 138ஆம் பிரிவு. பதினோரு வாய்தா ஓடிவிட்டது. செக் கொடுத்தவர் பக்கம் நாங்கள். கேஸ் கட்டை சீனியர் பார்த்தாயிற்று, எனக்கு முன்னால் இருந்த ஜூனியரும் பார்த்தாயிற்று. ஒரு ராத்திரி சும்மா உட்கார்ந்து முதல் தாளிலிருந்து படித்தேன். வங்கி செக்கைத் திருப்பிய மெமோ கைக்கு வந்த தேதியைப் புகார்தாரரே தன் மனுவில் எழுதியிருந்தார். நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீதில் இன்னொரு தேதி. முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணினேன், காலண்டரில் எண்ணினேன், மனைவியை எழுப்பி எண்ணச் சொன்னேன். முப்பத்து மூன்று.

கேஸ் நிற்கவில்லை. சீனியர் "பரவாயில்லையே" என்றார். அவர் அகராதியில் அது பாரத ரத்னா.

காபி ஆறுது

கணேஷ் சரி. அவருடைய ஜூனியர் வசந்தை மட்டும் யாரும் பின்பற்றாதீர்கள். இருபது வயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். போன வருஷம் திரும்பப் படித்தபோது, ஆபீஸில் இப்படி ஒருத்தன் பேசினால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். கமிட்டிக்கு எழுதிப் போட்டிருப்பேன். சுஜாதாவின் எழுத்து பிடிக்காமல் போகவில்லை, வசந்த் மட்டும் கொஞ்சம் சுருங்கிவிட்டான்.

வாய்தா வக்கீல்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை அவன் கடைசி வரை முழுசாகச் சொல்லாததே நல்லது.

மாசக்கடைசி

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறீர்கள், கெடுப்பதற்கு மன்னிக்கவும்.

கதாபாத்திரத்துக்கு மாசக் கடைசி கிடையாது. வந்தியத்தேவன் எங்கேயாவது வாடகை கொடுத்தானா? பசித்தால் யாராவது சோறு போடுகிறார்கள், தப்பிக்க வேண்டுமென்றால் கல்கி ஒரு படகை அனுப்புகிறார். கணேஷுக்கு வர வேண்டிய ஃபீஸ் நிலுவை என்று ஒரு அத்தியாயம் உண்டா? எழுதுகிறவன் கைப்பிடித்து அழைத்துப்போகிற ஆட்களைப் பார்த்து நாம் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

என் அப்பா மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். கடன் வாங்கினார், அடைத்தார், திரும்ப வாங்கினார். எனக்கு அவர் போதும். நிஜ மனிதர்களை விட்டுவிட்டுக் காகித மனிதர்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குப் புரியவே இல்லை.

ஃப்ரிட்ஜ் டாக்டர்

மாசக்கடைசி அண்ணே, உங்களுக்குப் பதில் சொல்லும் அளவுக்குப் படித்தவன் இல்லை நான். திருப்பூர் பக்கம் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். என் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஷெர்லாக் ஹோம்ஸ் தமிழில் படித்தேன். பொஹீமியா கதையில் ஒரு இடம் வரும். நம்ம வீட்டு மாடிப்படியில் எத்தனை தடவை ஏறியிருப்பாய் என்று வாட்சனைக் கேட்பார். நூற்றுக்கணக்கில் என்பார் அவர். அப்படியென்றால் எத்தனை படி? தெரியாது. பதினேழு என்பார் ஹோம்ஸ். கண்ணில் படுவது வேறு, கவனிப்பது வேறு என்பதுதான் விஷயம். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுப் படியை எண்ணினேன். பன்னிரண்டு. அங்கேயே முப்பது வருஷமாக இருக்கும் அம்மாவைக் கேட்டேன், "போய்த் தூங்குடா" என்றார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் மெஷினை உடனே கழற்ற மாட்டேன். முதலில் ஒரு வாய் தண்ணீர் கேட்பேன். குடித்துப் பார்த்தால் போர்வெல் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா தெரிந்துவிடும். பாத்ரூம் வாளி விளிம்பைப் பார்ப்பேன். வெள்ளையாக உப்பு படிந்திருந்தால், மெஷினில் தண்ணீர் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் குழாய் மாட்டுகிற இடத்தில் உள்ள சின்ன வலை அடைத்திருப்பதுதான். கழற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டினால் ஐந்து நிமிட வேலை. போன மாதம் ஒரு வீட்டில் எனக்கு முன்னால் வந்தவர் "போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் இருநூறு வாங்கினேன்.

ஹோம்ஸ் காகித மனிதர்தான். அந்த வீட்டில் மிச்சமான பணம் காகிதம் இல்லையே அண்ணே. சரி, அதுவும் காகிதம்தான்.

அயல்வெளி

டாக்டர், பிரமாதம்! இதில் இன்னொரு கொக்கி இருக்கிறது. ஹோம்ஸ் முழுக்கக் காகிதத்தில் பிறந்தவர் இல்லை. கோனன் டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஜோசப் பெல் என்ற அறுவை மருத்துவர். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே அவருடைய தொழிலையும் எங்கிருந்து வருகிறார் என்பதையும் சொல்லிவிடுவாராம். அவரைப் பார்த்து 1887இல் ஹோம்ஸ் பிறந்தார். அந்த ஹோம்ஸைப் படித்து வளர்ந்தவர் எட்மண்ட் லோகார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். 1910இல் லியோன் நகரில் போலீஸுக்கென்று தடயவியல் கூடம் தொடங்கியவர். தன் மாணவர்களையும் ஹோம்ஸ் கதைகளைப் படிக்கச் சொன்னார். நிஜ டாக்டர், காகித மனிதர், மறுபடி நிஜக் கூடம். எது காகிதம் என்று எங்கே கோடு போடுவது மாசக்கடைசி சார்?

எனக்கான ஆளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் உஹூரா. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரியாக உட்கார்ந்திருந்தாள். சமைக்கவில்லை, தரை துடைக்கவில்லை. அந்த வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலகிவிட நினைத்தார். அவரைத் தடுத்தது யார் தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங். நீங்கள் அங்கே இருக்கத்தான் வேண்டும் என்று நேரிலேயே சொன்னார். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் எண்டெவர் ஓடத்தில் விண்வெளிக்குப் போனார். அப்படிப் போன முதல் கறுப்பினப் பெண் அவர்தான். மேலே போய், தன் ஷிஃப்ட் தொடங்கும்போது உஹூராவின் வழக்கமான வசனத்தைத்தான் சொல்வாராம்.

நான் விண்வெளிக்கெல்லாம் போகவில்லை. ஒரு கால் சென்டரில் இருபது ஆண்களுக்கு டீம் லீடர். ஹெட்செட்டைக் காதில் மாட்டும்போது முதுகு தானாக நிமிரும், அவ்வளவுதான்.

தெருமுனை

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலில் வரும் ஹென்றி. வீடு தனக்கு வரவேண்டியது என்று தெரிந்தும் அதைப் பிடித்துத் தொங்காதவன். எங்கள் பாகப்பிரிவினை நடந்தபோது ஹென்றி மாதிரி இருந்தேன். அரை கிரவுண்டு போயிற்று. அண்ணன் இன்னும் பேசுகிறார். தூக்கம் வருகிறது.

மாசக்கடைசி

அரை கிரவுண்டா? எங்கே ஐயா?

தெருமுனை

சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது.

ஜாம்போத்தல்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி, இப்ப டொராண்டோ.

இந்த இழையை வாசிச்சுக்கொண்டே வந்தனான், எழுதவேணும் எண்டு இருக்கவில்லை. வந்தியத்தேவனைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள், அவனைத் தோணியில ஏத்திக் கடலைக் கடத்தின பூங்குழலியை ஒருத்தரும் சொல்லவில்லை. அதால எழுதுறன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி, யுத்த காலம். எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஒரு ஜாம் போத்தலுக்குள் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, திரி போட்டால் அதுதான் விளக்கு. வீட்டில் ஒரு விளக்கு, நாலு பிள்ளைகள். பாடப் புத்தகம் முடிந்தால்தான் கதைப் புத்தகம். எங்கட வீட்டில் பொன்னியின் செல்வன் நாலு பாகம்தான் இருந்தது. மூன்றாம் பாகம், கொலை வாள், இடம்பெயர்ந்த நேரம் எங்கேயோ விடுபட்டுப் போச்சு. இரண்டாம் பாகக் கடைசியில் புயலில் படகு உடையும், பூங்குழலி வருவாள். அதுக்குப் பிறகு நேரே நாலாம் பாகம். இளவரசர் எப்படி நாகப்பட்டினத்து விகாரைக்குப் போனார்? நான்தான் இட்டுக்கட்ட வேணும். தம்பிமார் படுக்கும்போது ஒவ்வொரு இரவும் ஒரு மாதிரிச் சொல்லுவேன். எல்லாத்திலும் பூங்குழலிதான் தோணி வலிப்பாள்.

எங்கட ஊரில் கடல் இருந்தது, கடலுக்குப் போக ஏலாது. தடை. அப்பாவின்ட வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது, அதுக்குக் கீழே ஆடு கட்டினோம். அந்த நேரத்தில் ஒரு பெட்டை, கோடிக்கரையிலிருந்து தனியத் தோணியை எடுத்துக்கொண்டு இலங்கைக்கு வருகிறாள், போகிறாள், ஒருத்தரையும் கேட்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அவள் இளவரசரை விரும்பினாளா, கடைசியில் ஆரைக் கட்டினாள் எண்டதெல்லாம் எனக்குத் தேவையே இல்லை. அந்தத் துடுப்புத்தான் எனக்கு வேணும்.

இஞ்ச வந்த புதிதில் ஒரு பேக்கரியில் இரவு வேலை. விடியப்புறம் மூன்றரைக்கு முடியும். பஸ் வரும் வரைக்கும் தனிய நிற்கவேணும், பனி கொட்டும், ஒரு சனம் இராது. பயம் வந்தால் கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துடுப்புப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் பொத்திக்கொள்ளுவேன். பைத்தியம் எண்டு நினைப்பியள். பயம் போகாது. பயத்தோட நிற்கலாம்.

மூன்றாம் பாகத்தைப் பல வருஷம் கழித்து இங்குள்ள பொது நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் கண்டேன். எடுத்து வந்து ஒரு கிழமை திறக்கவில்லை. பிறகு வாசித்தேன். நான் இட்டுக்கட்டினது நல்லா இருந்தது எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். கல்கி மன்னிக்கட்டும்.

வீராணத்தான்

அக்கா, மூன்றாம் பாகத்திலும் கால்வாய் வழியாகப் படகில்தானே கூட்டிப்போகிறார்கள், பூங்குழலியும் சேந்தன் அமுதனும். நீங்கள் கிட்டத்தட்ட சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சேந்தன் அமுதன் கடைசியில்

நெறியாளர்

நிறுத்துங்கள். கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது இங்கே விதி.

வீராணத்தான்

ஐயா, கல்கியில் அது தொடராக வந்து முடிந்தது 1954இல்!

நெறியாளர்

என் மகள் இப்போதுதான் இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள். இந்த இழையைப் படிக்கிறாள்.

காபி ஆறுது

அப்படியென்றால் நான் முடிவைத்தான் சொல்லப்போகிறேன், வேறு கதை, பரவாயில்லையா? ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம். ஆனந்த விகடனில் 1966இல் வந்தது.

மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, வரக்கூடாத நிலையில் வீட்டுக்கு வருகிறாள். அவள் அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அதை முக்கியமாகக் கவனியுங்கள், அவள் ஒன்றும் தெய்வம் இல்லை. ஆனால் அக்கம்பக்கம் வந்து என்ன என்று கேட்கும்போது மகளைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். எதையோ சொல்லி அனுப்பிவிட்டு, பெண்ணை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊரே கொதித்தது அந்தக் காலத்தில். அதற்கப்புறம் ஜெயகாந்தனே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதே பெண்ணை வைத்து சில நேரங்களில் சில மனிதர்கள் எழுதினார். 1972இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு குடம் தண்ணீர்தான்.

என் மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன மார்ச்சில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நின்றாள். ஃபோனில் பகுதிநேர வேலை என்று எவனோ சொன்னதை நம்பி, கொஞ்சம் கொஞ்சமாக நாற்பதாயிரம் கட்டியிருக்கிறாள். ஹாஸ்டல் ஃபீஸ் பணம். நான் கத்தினேன், நன்றாகவே கத்தினேன். "படிச்ச பொண்ணுக்கு அறிவு வேண்டாமா" என்பதில் ஆரம்பித்து அவளுடைய ஒன்றாம் வகுப்பு வரைக்கும் போய்விட்டேன். பக்கத்து ஃப்ளாட் மாமி பெல் அடித்தார். "என்ன சத்தம்?"

கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடி எனக்கு அந்த அம்மா ஞாபகம் வந்தாள். வரவழைக்கவில்லை, தானாக வந்தாள். "கரப்பான் பூச்சி மாமி" என்றேன். மாமி நம்பவில்லை, போய்விட்டார்.

திரும்பி வந்து இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு ஃபோன் போட்டுப் புகாரைப் பதிந்தோம். அவள் நம்பர் நம்பராகச் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்புறம் ஹீட்டர் போட்டு, "போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது, கதையை அவள் படித்ததில்லை. பணம் முழுசாக வரவில்லை, கொஞ்சம் வந்தது.

ஜாம்போத்தல்

அக்கா.

ஃப்ரிட்ஜ் டாக்டர்

இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஹீட்டர் ரிப்பேர் என்றால் சொல்லுங்கள் அக்கா, இலவசம்.

மாசக்கடைசி

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் படித்தேன்.

என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தாலும் அந்தக் கரப்பான் பூச்சி என்னைத் தூங்கவிடவில்லை. என் அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அவரை முழுசாக இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது அவர் அவசரப்படாமல் சட்டையைப் போட்டு, பட்டன் எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே போவார். அதைத்தான் நானும் செய்கிறேன். ஒரு அசைவு, அவ்வளவுதான். வீராணத்தார் ஒரு கால் எழுத்தை எடுத்துக்கொண்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வெளியிட்ட முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். அவர் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தபோது வயது எட்டு. ஒரு மத்தியானம் அப்பாவின் குடைக் கம்பியை எடுத்துக்கொண்டு பிளக்கில் விட்டேன். தூக்கி அடித்தது. மறையவில்லை. அப்பா வந்து இன்னொரு தடவை தூக்கி அடித்தார்.

நான் இருபத்தாறு வருஷமாக ஒயர்மேன். அந்த அடிக்கு அப்புறம், கம்பிக்குள் என்னதான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கும் எந்த வீட்டில் வேலை என்றாலும் முதலில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கம்பியில் கை வைப்பேன். கூட வரும் பையன்களிடமும் சொல்வேன்: மாயாவி சொன்னது உண்மைதான்டா, கரண்ட் தொட்டால் ஆள் மறைந்துவிடுவான். ஆனால் கையும் சேர்ந்து மறைந்துவிடும்.

வாய்தா வக்கீல்

எதிர்த்தரப்பு சாட்சி நம் பக்கம் சாய்ந்தது என்று பதிவு செய்துகொள்ளலாமா?

மாசக்கடைசி

சாயவில்லை. வாய்தா கேட்கிறேன்.

வீராணத்தான்

நேர்காணல் முடிவு கேட்டு மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஃபோன் வரவில்லை. நாளை வேறொரு இடத்துக்குப் போகிறேன், கிண்டியில்.

ஃப்ரிட்ஜ் டாக்டர்

மாசக்கடைசி அண்ணே, அந்த முதல் மாயாவி புத்தகம் இன்னும் கைவசம் இருக்கா?

மாசக்கடைசி

இருக்கு. அட்டை கிழியாமல் இருக்கு. கேட்காதீங்க, தர மாட்டேன்.